தற்காலிக ஏற்பாடு

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அவர் என்னிடம் கேட்டார். "டைப் அடிக்கத் தெரியும்னு சர்டிபிகேட் சொல்லுது. பொய் சொல்லாம எழுத வருமாம்மா?"

"வரும் சார்" என்றேன்.

"அது எல்லாருக்கும் வரும். பொய்யும் சொல்லக்கூடாது, உண்மையும் சொல்லக்கூடாது. அந்த மாதிரி எழுதணும். இந்த ஆபீசுல அதாம்மா வேலை."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்துச் சிரித்து வைத்தேன். அவர் சிரிக்கவில்லை. திரும்பி உட்கார்ந்து வேர்க்கடலை உரிக்க ஆரம்பித்துவிட்டார்.

ஜவ்வாது மலைமேல் ஒரு சந்தை ஊர் அது. புதூர்நாட்டுப் பக்கமிருந்தும் நெல்லிவாசல் பக்கமிருந்தும் சனங்கள் சாமையும் புளியும் பலாவும் தலைச்சுமையாகக் கொண்டுவந்து விற்கிற இடம். யாரோ ஒரு காலத்தில் அதை நகரப் பஞ்சாயத்து என்று அறிவித்துவிட்டார்கள். நகரம் என்று கடித உறையில் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். ஒரு கடைத்தெரு, ஒரு பள்ளிக்கூடம், மழை பெய்தால் காணாமல் போகிற ஒரு ரோடு, ஓட்டுக் கட்டடத்தில் எங்கள் ஆபீஸ். அவ்வளவுதான் நகரம். எழுபதுகள் முடிந்து எண்பதுகள் தொடங்கியிருந்தன. உள்ளாட்சித் தேர்தலை நடத்தாமல் வருஷக்கணக்காகத் தள்ளிக்கொண்டே போன காலம். தலைவர் கிடையாது, வார்டு மெம்பர் கிடையாது. தெருவிளக்கிலிருந்து செத்த நாய் வரைக்கும் நிர்வாக அதிகாரி ஒருத்தர் தலையில்தான் விடிந்தது. அந்த நீளப் பதவியை ஊர் ஈ.ஓ. என்று சுருக்கி வைத்திருந்தது. அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. நானும் இங்கே சொல்லப்போவதில்லை.

ஆரணிப் பக்கத்து ஆள். ஒல்லி உடம்பு, தடித்த கண்ணாடி, எந்நேரமும் சட்டைப்பையில் வேர்க்கடலை. அதை உரிக்க உரிக்கத் தின்ன மாட்டார். எல்லாவற்றையும் உரித்து, தோலை ஊதி, மேசைமேல் குவித்துவிட்டு அப்புறம்தான் வாயில் போடுவார். பஞ்சாயத்துச் சட்டப் புத்தகத்தையும் அப்படித்தான் படிப்பார். மற்ற அதிகாரிகள் எதைச் செய்யக்கூடாது என்று தெரிந்துகொள்ள அதைப் புரட்டுவார்கள். இவர் எழுதினவன் எங்கே கண் அசந்தான் என்று பார்ப்பதற்காகப் படிப்பார். "ரூல்ல இல்லன்னா முடியாதுன்னு அர்த்தம் இல்லம்மா. நாம இன்னும் ஒழுங்கா படிக்கலன்னு அர்த்தம்" என்பார்.

வழி அகப்பட்டுவிட்டால் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைப்பார். எல்லாருக்கும் டீ சொல்லுவார், மனு கொடுக்க வந்து நிற்கிற ஆளுக்கும் சேர்த்து. எங்கள் ஆபீசைப் பெருக்குகிற முனியம்மா இதைக் கண்டுபிடித்து வைத்திருந்தாள். டீக்கடைக்கு ஓடும்போது என் காதருகே வந்து, "சார் மண்டைக்குள்ள எலி ஓட ஆரம்பிச்சிடுச்சி டைப்பம்மா, நீ காயிதம் மாட்டிக்கோ" என்று சொல்லிவிட்டுப் போவாள். வாய்க்கொழுப்பு பிடித்தவள். எனக்கு அந்த ஊரில் இருந்த ஒரே சிநேகிதி.

பஸ்ஸுக்கு நிற்க ஒரு நிழற்குடை வேண்டும் என்று ஊர் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தது. ரோடு நெடுஞ்சாலைத் துறையுடையது, ரோட்டோர நிலம் காட்டு இலாகாவுடையது. இருவரும் மாற்றி மாற்றி முடியாது என்று எழுதினார்கள். ஒரு நாள் டீ வந்தது. மந்திரி ஒருவர் மலைக்கு வரப்போவதாகப் பேச்சு அடிபட்ட சமயம். மந்திரியை வரவேற்க வளைவு போட யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஈ.ஓ. வளைவு போட்டார். இரண்டு காலில் நிற்க வேண்டியதை நாலு காலில் நிறுத்தினார், மேலே தகரம் அடித்தார், கீழே இரண்டு கல்லைப் பலகைபோலப் போட்டார். மந்திரி வரவில்லை. வளைவு மட்டும் அப்படியே நின்றது. மழைக்கு ஒதுங்குகிற கிழவிகளுக்கு மேலே 'வருக வருக' என்று எழுதியிருக்கும்.

"தப்பில்லையா சார்?" என்று கேட்டேன்.

"மந்திரி இன்னிக்கி வரலன்னா நாளைக்கி வருவாரு. வர்ற வரைக்கும் வளைவு தற்காலிகமா நிக்குது. இதுல இன்னாம்மா தப்பு?"

தற்காலிகம் என்ற அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டுதான் அவர் ஊரையே நடத்தினார். நிலையாக ஒன்றைச் செய்ய மேலே இருக்கிற அத்தனை பேரிடமும் கைகட்டி நிற்க வேண்டும். தற்காலிகமாகச் செய்வதற்கு ஈ.ஓ. ஒருத்தரே போதும். எனக்கு அவரை அப்போது பிடித்திருந்தது. திறமைக்காரர் என்று அம்மாவிடம் போய்ப் பெருமை பேசியிருக்கிறேன்.

பெரிய பிரச்சினை தண்ணீர். ஊருக்கு மேலே காட்டுக்குள் ஒரு சுனை உண்டு, கத்திரி வெயிலிலும் வற்றாது. ஊருக்குள் கிணறுகள் மாசியிலேயே காய்ந்துவிடும். பெண்கள் குடத்தோடு சரிவில் இறங்கிப் பள்ளத்து ஊற்றில் தோண்டி எடுத்து வருவார்கள். அந்தக் குடத்துத் தண்ணீர் நெஞ்சுக்குழி வரைக்கும் நனைத்த ஈரத்தோடுதான் முனியம்மா ஆபீசுக்கு வருவாள். சுனையிலிருந்து குழாய் போட்டால் தண்ணீர் தானாக இறங்கி வரும், மோட்டார்கூட வேண்டாம். ஆனால் குழாய் காட்டு இலாகா நிலத்தைத் தாண்ட வேண்டும். அவர்கள் விடமாட்டார்கள். குடிநீர்த் திட்டத்தில் சேர்க்கச் சொன்னால் ஊரில் தலை போதாது என்று பதில் வரும்.

அதற்கும் ஒரு நாள் டீ வந்தது. திருவிழாவுக்கு வருகிற பக்தர்களுக்குத் தற்காலிகக் குடிநீர் ஏற்பாட்டை ஈ.ஓ.வே செய்துகொள்ளலாம் என்று சட்டத்தில் ஒரு வரி இருந்தது. சாமி காரியம் என்றால் காட்டு இலாகாவும் கண்டுகொள்ளாது. ஆடிக் காளியம்மன் திருவிழாவுக்கு என்று குழாய் போட்டார். தெருவுக்கு ஒரு பைப். தண்ணீர் வந்த அன்றைக்கு முனியம்மா பைப்படியில் உட்கார்ந்து தலையை நீட்டிக்கொண்டாள், எழுந்திருக்கவே மாட்டேன் என்றாள்.

திருவிழா முடிந்தது. குழாயைப் பிடுங்க வேண்டும். ஈ.ஓ. ஊர்க்கவுண்டர் வீட்டுக்குப் போய், அடுத்து என்ன திருவிழா என்று கேட்டார். புரட்டாசியில் பெருமாள், கார்த்திகையில் தீபம், தையில் எருது விடுகிறது. நடுவில் விட்டுப்போன மாதங்களுக்கு எல்லைச் சாமி, பாறைச் சாமி என்று அவரே தேடிப் பிடித்தார். காகிதத்தில் எங்கள் ஊருக்கு வருஷம் பூராவும் திருவிழாதான். நான்தான் அடித்தேன். 'திரளான பக்தர்களை முன்னிட்டுக் குடிநீர் ஏற்பாடு நீட்டிக்கப்படுகிறது.' கண்ணை மூடிக்கொண்டும் அந்த வரியை அடிப்பேன்.

ஊர்க்கவுண்டர் ஒரு நாள் ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு கேட்டார். "சார், சாமிக்குன்னா தண்ணி உண்டு, சனத்துக்குன்னா இல்ல. இந்தச் சட்டத்த எந்த மவராசன் சார் எழுதினான்?"

"அவன் நல்லவன் கவுண்டரே. சாமியயாவது உட்டு வச்சானே" என்றார் ஈ.ஓ. இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். நானும்தான்.

சுனையில் வால்வைத் திறந்து மூடும் வேலைக்கு முனியம்மாவின் புருஷன் வெள்ளையனைப் போட்டார். அதுவும் தற்காலிக வேலைதான். பேசாத ஆள். அவன் பேச வேண்டியதையும் சேர்த்து அவள் பேசிவிடுவாள்.

இந்தத் திருவிழாக்களில் ஆடி ஒன்றுதான் ஊரார் கணக்கில் முழுத் திருவிழா. கொடி ஏற்றி, கையில் மஞ்சள் காப்புக் கட்டிவிட்டால், கொடி இறங்குகிறவரை ஊரில் படுத்து எழுந்த ஒருத்தரும் எல்லை தாண்டக்கூடாது. அதனால் மாசம் நெருங்கிய பெண்களை முன்கூட்டியே தாய்வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். தீட்டு என்பது ஒரு காரணம். ஏதாவது ஒன்று ஆனால் கீழே கொண்டுபோக முடியாது என்பது இன்னொரு காரணம். பெரியவர்கள் ஆனி பிறந்ததுமே வீடு வீடாக விசாரித்துவிடுவார்கள். யார் வீட்டில் யார் முழுகாமல் இருக்கிறாள் என்று கவுண்டருக்குத் தெரியாமல் அந்த ஊரில் காப்புக் கட்டியதே கிடையாது.

காட்டு இலாகாவுக்குப் புது ரேஞ்சர் வந்தார். குழாய் வருஷம் முழுக்கக் கிடக்கிறதே என்று மேலே எழுதிப் போட்டார். வைகாசி. கிணறுகளில் தவளைகூட இல்லை. கீழேயிருந்து எங்கள் மேலதிகாரி ஆள் அனுப்பினார். நாளை மறுநாள் காலை நேரில் வருகிறேன், திருவிழா நடந்தால் குழாய் இருக்கலாம், நடக்கவில்லை என்றால் அன்றைக்கே பிடுங்கப்படும் என்று சொல்லியனுப்பினார்.

ஈ.ஓ. கண்ணாடியைக் கழற்றினார். என்னையும் கூட்டிக்கொண்டு கவுண்டர் வீட்டுக்குப் போனார்.

"வைகாசியில காப்புக் கட்ற வழக்கம் எங்க பாட்டன் காலத்துலகூட இல்ல சார்" என்றார் கவுண்டர்.

"சுனையம்மாளுக்குக் கட்டுங்க. தண்ணி குடுக்கறவ அவதானே. வழக்கம் நாம ஆரம்பிச்சா வழக்கம்."

"நீங்க காயிதத்துல எழுதறது வேற. கொடி ஏத்தறது வேற. ஏத்தினா நெசமாத்தான் ஏத்தணும். வெளையாட்டுக்கு சாமியக் கூப்புட முடியாது."

"நெசமாவே ஏத்துங்க. எனக்கும் காப்புக் கட்டுங்க. நானும் எல்லை தாண்டல" என்று கையை நீட்டினார் ஈ.ஓ.

கவுண்டர் ரொம்ப நேரம் தெருப்பைப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு குழந்தை அதில் வாய் வைத்துக் குடித்துக்கொண்டிருந்தது. "சரி" என்றார்.

மறுநாள் காலையில் கொடி ஏறியது. எனக்கும் காப்புக் கட்டிவிட்டார்கள். சனிக்கிழமை திருப்பத்தூருக்கு வீட்டுக்குப் போக முடியாதே என்று நான் முணுமுணுத்துக்கொண்டே திரிந்தேன். முனியம்மா வயிற்றைத் தள்ளிக்கொண்டு வந்து கொடிக்கம்பத்தடியில் கோலம் போட்டாள். தலைப்பிரசவம். "உன்னைய அம்மா ஊட்டுக்கு அனுப்பலியா?" என்று கேட்டேன். "எங்க அனுப்பறது? பொழுது விடிஞ்சி எழுந்தா கொடி நிக்குது. எனக்கு இன்னும் நாளு கெடக்குது போ" என்றாள். அவசரத்தில் யாரும் வீடு வீடாகப் போய் விசாரிக்கவில்லை. கவுண்டர்கூட விசாரிக்கவில்லை. அந்த ஊரில் அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை.

மேலதிகாரி வரவேண்டிய காலையில் வெள்ளையனைச் சுனைக்கு அனுப்பினார் ஈ.ஓ. சுனை ஊர் எல்லைக்குள்தான் இருந்தது. எல்லா வால்வையும் முழுசாகத் திறந்துவிட்டு அங்கேயே இருக்கச் சொன்னார். அதிகாரி வரும்போது பைப்பில் தண்ணீர் பாய வேண்டுமாம். அவன் காட்டுக்குள் போன கொஞ்ச நேரத்தில் முனியம்மாவுக்கு வலி எடுத்துவிட்டது. மருத்துவச்சி உள்ளே போய்ப் பார்த்துவிட்டுத் துடைத்த கையோடு வெளியே வந்தாள்.

"புள்ள குறுக்கால கெடக்குது. என்னால ஆவாது. கீழ ஆஸ்பத்திரிக்கித் தூக்குங்க."

புளி வாங்க வந்த வாணியம்பாடி பாய் ஒருவரின் ஜீப் சந்தையில் நின்றது. அவர் மூட்டைகளை இறக்கிப்போட்டுவிட்டு, "அம்மாவ ஏத்துங்கப்பா" என்றார். எல்லோரும் கவுண்டரைப் பார்த்தார்கள். எல்லை தாண்டக் கூடாது என்று அவர் சொல்வார் என்றுதான் நான் பயந்தேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"அவள மட்டும் தாண்ட உட முடியாது. ஆளுக்கொரு சட்டம் சாமிகிட்ட கெடையாது. கொடிய எறக்கிடுவோம். எல்லாருக்கும் காப்பு அவுந்துடும். அப்பறம் யாரு வேணா போலாம். ஒரு ஆட்ட வெட்டி ஆத்தாகிட்ட மாப்பு கேட்டுக்கலாம். உசிரு பெருசா, கொடி பெருசா?" என்று சொல்லிக்கொண்டே கம்பத்துக்கு நடந்தார்.

ஈ.ஓ. ஓடிப்போய், கயிற்றைத் தொட்ட அவர் கையைப் பிடித்தார்.

"கவுண்டரே, கொஞ்ச நேரம். அவரு பாதி மலை ஏறியிருப்பாரு. வந்து கொடியப் பாத்துட்டா போதும், அடுத்த நிமிஷம் எறக்கிடலாம். இப்ப எறக்கினா வெறுங்கம்பத்தத்தான் பாப்பாரு. இன்னிக்கே கொழாயப் புடுங்கிடுவாங்க."

"சார், அனுப்பிடுங்க சார்" என்றேன்.

"தலைப்பிரசவம்மா, நேரம் எடுக்கும். ஊருக்கே தண்ணிம்மா" என்றார். குரல் கெஞ்சியது. அவருக்கு அவள்மேல் இரக்கம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். அவள் கொண்டுவந்து கொடுத்த டீயைத்தான் அத்தனை வருஷமும் குடித்தவர். ஆனால் அவருக்கு அந்த நேரத்தில் இரண்டையும் காப்பாற்ற ஒரு வழி இருந்தே தீரும் என்று தோன்றியது. அவர் வாழ்க்கையில் அதுவரைக்கும் இருந்திருக்கிறது.

கவுண்டர் கயிற்றிலிருந்து கையை எடுத்தார். அவர் ஏன் எடுத்தார் என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன். அந்தப் பைப்புத் தண்ணீரை அந்த மனுஷர் ஊருக்குக் கொண்டுவந்திருக்கிறாரே என்கிற மரியாதைதான் காரணமாக இருக்கும்.

ஈ.ஓ. ரோட்டு வளைவில் போய் நின்றுகொண்டார். கீழேயிருந்து ஏதாவது சத்தம் கேட்கிறதா என்று காதைக் கொடுத்துக்கொண்டு நின்றார். ஒரு லாரிகூட வரவில்லை. பைப்புகளிலெல்லாம் தண்ணீர் கொட்டித் தெருவில் ஓடியது, நிறுத்த ஆளில்லை. குடிசைக்குள் முனியம்மா முதலில் கத்தினாள். அப்புறம் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். அப்புறம் கூப்பிடவில்லை. உச்சி தாண்டியதும் கவுண்டர் யாரையும் கேட்காமல் போய்க் கயிற்றை அறுத்தார். கொடி மண்ணில் விழுந்தது.

நானும் ஜீப்பில் போனேன். மலை இறங்கி முடிவதற்குள், ஒரு கொண்டை ஊசி வளைவில், என் மடியில் அவள் போய்விட்டாள். பிள்ளை வயிற்றிலேயே. பாய் வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரிக்குப் போகாமல் அப்படியே திரும்பினோம். ஊருக்குள் வந்தபோது வெள்ளையன் சுனையிலிருந்து இறங்கி வந்து நின்றுகொண்டிருந்தான். கையில் வால்வுச் சாவி இருந்தது.

மேலதிகாரி அன்றைக்கு வரவில்லை. அடுத்த வாரம் ஈ.ஓ.வும் நானும் கீழே அவர் ஆபீசுக்குப் போனோம். சந்தோஷமாக வரவேற்றார்.

"அன்னிக்கி வர முடியலய்யா. மலை ஏறினா எனக்குத் தலை சுத்துது. நீங்கதான் எல்லாத்தையும் கரெக்டா வச்சிருப்பீங்களே. திருவிழா ஜோரா நடக்குதுன்னு, பாத்த மாதிரியே எழுதிட்டேன். உங்க மேல எனக்கு அவ்ளோ நம்பிக்கை."

"நன்றிங்க" என்றார் ஈ.ஓ.

அந்த நாற்காலியைத் தூக்கி அந்த ஆள் தலையில் போடத் தோன்றியது எனக்கு. இரண்டு பேர் தலையிலும்தான். பஸ்ஸில் ஏறியதும் ஈ.ஓ. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. ஆண்பிள்ளை அழுவதை அவ்வளவு கிட்டத்தில் நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

இதோடு நின்றிருந்தால் அவரை நான் மன்னித்திருப்பேன்.

இனிமேல் காகிதத்துக்காகத் திருவிழா இல்லை என்று கவுண்டர் சொல்லிவிட்டார். ஆடியும்கூட அந்த வருஷம் நடக்காது என்றார். சண்டை போடவில்லை, ஈ.ஓ.வைத் திட்டவுமில்லை. ஆபீஸ் பெஞ்சுக்கு வருவதை மட்டும் நிறுத்திக்கொண்டார். திருவிழா இல்லை என்றால் குழாய் இல்லை. ரேஞ்சர் ஆட்களோடு தயாராக இருந்தார்.

ஒரு காலை ஆபீசுக்குள் நுழைகிறேன், மேசையில் டீ இருந்தது. எதிரில் வெள்ளையன் மொட்டைத் தலையோடு நின்றுகொண்டிருந்தான். அவன் முன்னாலும் ஒரு டீ. தொடவில்லை.

"ஒக்காரும்மா" என்றார் ஈ.ஓ. கண்ணாடி கையில் இருந்தது. "காலரா கண்ட ஊருக்குக் கொழாய் போடறத எவனும் தடுக்க முடியாதுன்னு இருக்குது. காட்டு இலாகா உள்பட. தற்காலிகம் இல்லம்மா. நெரந்தரம். ஒரு சாவு பதிஞ்சா போதும். பதியற அதிகாரி நான்தான். மலைக்கி மேல வந்து யாரும் பொணத்தத் தோண்டிப் பாக்கப்போறதில்ல. அவ சாவு இன்னும் பதியல." வெள்ளையன் பக்கம் திரும்பினார். "காலரால போய்ட்டான்னு எழுதிக்கட்டுமாப்பா? அவ போனதுக்கு ஒரு அர்த்தமாவது இருக்கும்."

வெள்ளையன் தரையைப் பார்த்தபடி கேட்டான்.

"அப்பிடி எழுதினா தண்ணி நிக்காதா சார்?"

"என்னிக்கும் நிக்காது."

"எழுதிக்குங்க. அவ பேரு மட்டும் வாணாம்."

"பேரு இல்லாம எழுத முடியாதேப்பா."

"அப்போ எம் பேரப் போட்டுக்குங்க."

ஈ.ஓ. அவனை நிமிர்ந்து பார்த்தார். இப்போதாவது இந்த மனுஷர் எழுந்து வெளியே போய்விடுவார் என்று நினைத்தேன். அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். யோசித்தார். "அதுக்கும் வழி இருக்குது" என்றார்.

நான் அடிக்கமாட்டேன் என்றேன். வேலையை விட்டு நீக்கினாலும் சரி, அடிக்கமாட்டேன் என்று கத்தினேன். அவர் கோபப்படவில்லை. மெஷினைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, இரண்டு விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அவரே அடித்தார்.

அந்த வருஷமே குழாய் வந்துவிட்டது. இரும்புக் குழாய், மேலே தொட்டி, காட்டு இலாகாவே வழிவிட்டது. திறப்புவிழாவுக்குத் தலைசுற்றுகிற மேலதிகாரி வந்தார். தொட்டியில் பதித்த கல்லில் அவர் பெயர்தான் இருக்கிறது. ஈ.ஓ.வுக்கு ஒரு பாராட்டும் இல்லை, தண்டனையும் இல்லை. ஊர் அவரைப் பார்த்தால் வணக்கம் சொல்லும், நின்று பேசாது. தண்ணீர் பிடிக்கிற பெண்கள் அவர் தெருவில் வந்தால் பேச்சை நிறுத்திக்கொள்வார்கள். அவரும் ஆரணிப் பக்கம் மாற்றல் கேட்டுப் பார்த்தார். அதற்கு மட்டும் அவருக்கு ஒரு வழியும் அகப்படவில்லை.

சில வருஷம் கழித்து ஒருவழியாக உள்ளாட்சித் தேர்தல் வந்தது. பள்ளிக்கூடத்தில் ஓட்டுச்சாவடி. வாக்காளர் பட்டியலைப் பார்த்துப் பெயர் சொல்லும் வேலை எனக்கு. ஈ.ஓ. ஏற்பாடுகளைப் பார்த்துக்கொண்டு என் நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்தார். வரிசையில் வெள்ளையன் வந்தான். நரைத்திருந்தான். மறுகல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவன் பெயர்மேல் சிவப்புக் கோடு அடித்திருந்தது. செத்தவர்களுக்கு அடிக்கிற கோடு.

"வெள்ளையா, உன் பேரு..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும் டைப்பம்மா. நான் ஓட்டுப் போட வரல. அவ பேரு இருக்குதா பாரு."

பார்த்தேன். முனியம்மா, கணவர் பெயர் வெள்ளையன். கோடு இல்லை. விரலை அந்த வரியில் வைத்துக் காட்டினேன். அவனுக்குப் படிக்கத் தெரியாது. குனிந்து என் விரல் இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"இதா?"

"ம்."

பின்னாலிருந்து ஈ.ஓ. என் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தார். மெதுவாகச் சொன்னார். "வெள்ளையா, கொஞ்சம் நில்லுப்பா. அந்த ஓட்ட நீ போடறதுக்கு ஒரு வழி..."

வெள்ளையன் நிமிர்ந்தான். அந்தச் சாவுக்கப்புறம் அவன் அவர் முகத்தை நேராகப் பார்த்து நான் கண்டது அன்றைக்குத்தான்.

"வாணாம் சார்" என்றான். "இங்கயாவது அவள உசிரோட உட்டுடுங்க."